சிந்திய காபியும் திபோ பினோவும்

2019 ஜூலை 26. நாளுக்கு ஒரு கட்டமாக மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 19ஆவது கட்டம் ஆல்ப்ஸ் மலையில் நடக்கிறது. இடது தொடையில் தசை கிழிந்த பிரெஞ்சு வீரர் திபோ பினோ மிதிக்க முடியாமல் பின்தங்குகிறார். அணித் தோழர் வில்லியம் பொன்னே பக்கத்தில் வந்து அவரை ஒரு கையால் அணைத்துக்கொள்கிறார். சிறிது தூரம் அழுதபடியே மிதித்த பினோ, கடைசியில் இறங்கி அணியின் காரில் ஏறிவிடுகிறார். அன்று காலை முதலிடத்துக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி 1 நிமிடம் 50 விநாடிதான். 1985இல் பெர்னார் இனோ வென்றதற்குப் பிறகு எந்தப் பிரெஞ்சுக்காரரும் வெல்லாத பந்தயம் அது.

டூரை ஒருமுறைகூட வெல்லாமலே 2023இல் பினோ ஓய்வு பெற்றார். ஆனாலும் பெயரைக் காதில் விழுகிறபடி ஒட்டி 'திபோபினோ' என்று ரசிகர்கள் இணையத்தில் செல்லமாக எழுதுகிறார்கள். வென்றவர்கள் பலருக்குக் கிடைக்காத பாசம் இது. வெறும் இரக்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பாதி வழியில் விலகுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அவர்களில் பலரின் பெயர்கூட நமக்கு நினைவில்லை.

உளவியலாளர் எலியட் ஆரன்சன் குழு 1966இல் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே உதவுகிறது. வினாடி வினாப் போட்டியாளர் ஒருவரின் ஒலிப்பதிவை மாணவர்கள் கேட்டார்கள். ஒரு பதிவில் அவர் 92 சதவீதம் சரியாகச் சொல்கிறார். இன்னொன்றில் 30 சதவீதம்தான். சிலருக்குப் போட்ட பதிவில் மட்டும், கடைசியில் அவர் புதுக் கோட்டில் காபியைக் கொட்டிக்கொள்கிற சத்தம் கேட்கும். காபி கொட்டிய கெட்டிக்காரரைத்தான் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. சுமாரானவர் கொட்டியபோதோ, இருந்த மதிப்பும் குறைந்தது.

ஆக, திறமை முதலில் நிரூபணமாகியிருக்க வேண்டும். பினோவுக்கு அது ஆகியிருந்தது. 2012 டூரில் அவர்தான் வயதில் இளையவர். அதிலேயே ஒரு கட்டத்தை வென்றார். 2014இல் மூன்றாம் இடம், 2015இல் ஆல்ப் துவெஸ் மலையில் வெற்றி. அழுதுகொண்டு காரில் ஏறியதற்கு ஆறே நாள் முன்புதான் தூர்மலே மலையுச்சியில் எல்லோரையும் முந்தியிருந்தார்.

இணையத்துக்கு முன்பும் இது நடந்திருக்கிறது. பழைய பிரெஞ்சு வீரர் ரேமோன் பூலிதோர் டூரில் எட்டு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தும், முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் பனியனை ஒருநாள்கூட அணிந்ததில்லை. ஐந்து முறை வென்ற ஜாக் ஆங்க்தீலைவிட மக்கள் அவரையே அதிகம் கொண்டாடினார்கள்.

இணையம் செய்வது அந்தப் பாசத்தைப் பெருக்குவது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் சுமார் 14,000 பேருக்கு பெயர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்களைக் கொடுத்தார்கள். கேட்பவர்களைப் பல பிரிவுகளாகப் பிரித்திருந்தார்கள். பிறர் எதைப் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டியதும், முன்னே இருந்த பாட்டு இன்னும் முன்னே போனது. எந்தப் பாட்டு என்பது பிரிவுக்குப் பிரிவு மாறியது. ஒரு பிரிவில் முதலிடம் பிடித்த பாட்டு இன்னொன்றில் 40ஆவது. ஆனால் மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவது அரிது. பினோவின் அழுகையைப் பத்துப் பேர் பகிர்ந்ததைப் பார்த்துப் பதினோராவது ஆள் பகிர்கிறார் என்பது உண்மைதான். பகிரும்படியான ஒன்று அங்கே முதலிலேயே இருந்தது என்பதும் உண்மை.

2023 ஜூலை 22இல், சொந்த ஊர் மெலிசேக்கு அருகிலுள்ள வோஜ் மலைத்தொடரில் பெத்தி பாலோன் ஏற்றம். தன் கடைசி டூரில் பினோ தனியாக முன்னால் வருகிறார். ஒரு வளைவு முழுக்க அவருடைய ரசிகர்கள். சைக்கிள் போகிற அளவுக்கு மட்டும் வழி விட்டு, தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அடுத்த ஏற்றத்தில் மற்றவர்கள் அவரைப் பிடித்துவிட்டார்கள், அன்றைய கட்டத்தை வென்றது ஸ்லோவேனிய வீரர் போகச்சார். நான் இன்றும் தேடிப்பிடித்துப் பார்ப்பது அந்த வளைவைத்தான்.