பட்டினி கிடந்த மாட்டுக்குச் சோறு வைக்காதீர்கள்

தலைப்பைப் பார்த்து எனக்குக் கல்நெஞ்சு என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். கைவிட்ட வண்டில் மாட்டைக் காப்பாற்றப் போய், காப்பாற்றியவர்கள் கையாலேயே அது செத்துப்போகிற கதை எங்கள் மிருக வைத்தியத் தொழிலில் புதிதில்லை. ஆனால் போன கிழமை வந்ததோடு எனக்குப் பொறுமை போய்விட்டது.

அது ஒரு பழைய சவாரி மாடு, வண்டில் ஓட்டப்போட்டியில் ஓடினது. ஓடுகிறவரைக்கும் ராஜ கவனிப்பு, கால் நொண்டியதும் யாரோ ஒருவருடைய வெறும் வளவில் பனையோடு கட்டு. லான்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரம் வந்தபின் உழவு மாடு போயிற்று, பெரிய உழவு இயந்திரம் வந்தபின் மணலும் விறகும் ஏற்றிய வண்டில் மாடும் போயிற்று, மிச்சமிருப்பவற்றின் கடைசிக்காலம் பெரும்பாலும் இப்படித்தான். ஆடி, ஆவணியில் யாழ்ப்பாணத்தில் புல் எங்கே இருக்கிறது? விலா எலும்பை எண்ணலாம், இடுப்பெலும்பு இரண்டும் தோலைக் குத்திக்கொண்டு நிற்கும், கழுத்தில் நுகம் தேய்த்த புண். பக்கத்து வீட்டுப் பொடியன்கள் இரக்கப்பட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். அதுவரை நல்ல காரியம்தான்.

"பாவமெண்டு ஒரு கடகம் சோறு வைச்சனாங்கள் டொக்டர், முழுக்கத் திண்டிட்டுது."

கோயில் அன்னதானத்தில் மிஞ்சிய சோறு. அடுத்த நாள் மத்தியானம் நான் போனபோது மாடு படுத்துவிட்டது. இடது பக்க வயிற்றில் கையைப் பொத்தி அமத்தினால் உள்ளே தண்ணீர் சளக் சளக் என்று சத்தம் கேட்டது, அசைபோடுதல் அறவே இல்லை, கண் குழிக்குள் போயிருந்தது, சாணம் சாம்பல் நிறத் தண்ணீராகப் புளித்த மாவு போல மணத்தது. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளியபடியே நின்றது. இரவே முடிந்துவிட்டது.

"சோறு தின்றா மாடு சாகும்? பொங்கலுக்கு நாங்கள் குடுக்கிறதுதானே" என்று என்னோடு வாதாடாதவர்கள் குறைவு. பட்டிப் பொங்கலன்று நீங்கள் கொடுப்பது ஒரு கைப்பிடி, அதுவும் வயிறு நிறையப் புல் தின்ற மாட்டுக்கு. இங்கே நடப்பது வேறு. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் தீனியைச் சமிக்க வைக்கின்றன. புல்லையும் வைக்கோலையும் மெதுவாக நொதிக்க வைக்கப் பழகியவை அவை. மாடு பல நாள் பட்டினி கிடந்தால் அவையும் பட்டினிதான், பாதி செத்துப்போயிருக்கும். அந்த வயிற்றுக்குள் அவித்த சோற்றை ஒரேயடியாகக் கொட்டினால் மாச்சத்து மடமடவென்று நொதித்து லக்டிக் அமிலமாகிறது. சாதாரணமாக 6க்கும் 7க்கும் இடையில் இருக்கிற பீஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 5க்கும் கீழே இறங்குகிறது, உடம்பில் இருக்கும் தண்ணீரையெல்லாம் வயிறு இழுத்துக்கொள்கிறது. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். தப்பிப் பிழைத்தாலும் குளம்புக்குள் வீக்கம் வந்து நிரந்தர நொண்டியாகலாம். சோறு மட்டுமில்லை, பாண், பலாப்பழம், அரிசி மா, கல்யாண வீட்டு மிச்சம் எல்லாம் ஒரே கணக்குத்தான். பசியில் கிடந்த மாடு போதும் என்று நிறுத்தாது, நிறுத்துவது உங்கள் பொறுப்பு. குதிரைக்கு இன்னும் மோசம், அதற்கு வாந்தியெடுக்கவும் முடியாது. நெடுந்தீவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் அங்குள்ள குதிரைகளுக்குப் பாணை நீட்டாமல் இருந்தால் பெரிய உபகாரம்.

அடுத்தது, "ஒரு போத்தல் ஏத்திவிடுங்கோ, எழும்பிடும்." எலும்பும் தோலுமாய் இருக்கிற மாட்டை ஒரு போத்தல் குளுக்கோஸ் எழுப்பாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று சர்க்கரை ஏறினால் இரத்தத்தில் பொசுபரசு என்கிற தாதுச்சத்தின் அளவு விழுந்து அதுவே ஆபத்தாகலாம். எதை ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது என்பதை மாட்டைப் பார்த்த பிறகு நாங்கள் முடிவு செய்கிறோம், சரியா?

அப்போ என்னதான் கொடுப்பது? முதலில் தண்ணீர், அதுவும் அரை வாளி, கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு அரை வாளி. உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். பிறகு காய்ந்த புல்லோ நறுக்கிய வைக்கோலோ சிறு சிறு பிடியாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. சாணம் ஒழுங்காகி அசைபோடத் தொடங்கினால் பச்சைப்புல், கிழித்த பனையோலை, பூவரசங்குழை. வைக்கோலை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் சதை வைக்காது, அதில் புரதம் மிகக் குறைவு. தவிடும் எள்ளுப் பிண்ணாக்கும் ஒரு கிழமை கழித்து, ஒரு சிறங்கையில் தொடங்கி இரண்டு மூன்று கிழமைக்கு மேலாக மெல்ல மெல்லக் கூட்டவேண்டும். வயிற்றுப் பூச்சிமருந்தை முதல் நாளே ஊற்றாதீர்கள், கொஞ்சம் தேறட்டும். எலும்பு மூட மாதக்கணக்காகும், அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஏற்கனவே சோறு வைத்துவிட்டீர்களா? மறைக்காமல் உடனே மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதையும் சேர்த்து. ஆரம்பத்திலேயே வந்தால் அப்பச்சோடாவும், வேறொரு நல்ல மாட்டின் வயிற்று நீரும் சில மாடுகளைக் காப்பாற்றுகின்றன. மூங்கில் குழலை வாய்க்குள் திணித்துத் தலையை அண்ணாத்திப் பிடித்து நல்லெண்ணெய் ஊற்றும் கைவைத்தியம் மட்டும் வேண்டாம், அது நுரையீரலுக்குள் போய் மாடு மூச்சுமுட்டிச் சாகும்.

படுத்துவிட்ட மாட்டை நெஞ்சு நிலத்தில் படும்படி நிமிர்த்தி, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை அணை கொடுங்கள், சில மணித்தியாலங்களுக்கு ஒரு தடவை பக்கம் மாற்றுங்கள். சீமெந்துத் தரை வேண்டவே வேண்டாம், மணலில் கிடத்துங்கள். வாலைப் பிடித்து இழுத்து எழுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரத்தம் கொதிக்கும்.

நுகப்புண்ணில் இலையான் முட்டையிட்டுப் புழு வைத்திருந்தால் மண்ணெண்ணெய், கழிவு ஒயில், பற்றரித் தண்ணீர் எதுவும் ஊற்றாதீர்கள். புழு செத்தாலும் சதை வெந்துபோகும். உப்புத் தண்ணீரால் கழுவுங்கள், தெரிகிற புழுவை எடுங்கள், மிச்சத்துக்கு எங்களிடம் மருந்து இருக்கிறது. மூக்கணாங்கயிறு சதையோடு இறுகியிருந்தால் இழுக்காமல் வெட்டிவிடுங்கள். புதிதாக வந்த மாட்டை வீட்டு மாடுகளோடு உடனே சேர்க்கவும் கூடாது, கால்வாய் நோய் (கோமாரி) இப்படித்தான் பட்டிக்குள் வரும்.

இன்னொன்று. கோபத்தில் வேறொருவருடைய மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், களவு வழக்கு உங்கள் மேல்தான் வரும். கிராம அலுவலரிடமும் பொலிசிலும் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். மிருகவதைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது, தண்டப்பணம் நூறு ரூபாய்க்கு மேல் போகாது. ஒரு கட்டு வைக்கோலும் வாங்க முடியாத அந்தக் காசுக்கு யார் பயப்படப்போகிறார்கள்? ஆனாலும் முறைப்பாடு பதிவில் இருந்தால் மாட்டுக்காரர் பிறகு வந்து "என்ர மாட்டைத் தா" என்று நிற்கமாட்டார்.

தேறிய மாட்டைத் திரும்ப வண்டிலில் பூட்ட நினைக்கிறவர்களுக்கு: கழுத்துத் தோல் முழுக்க ஆறி, உரோமம் முளைத்த பிறகுதான். முதல் சில நாள் வெறும் வண்டில், காலை வெயிலுக்கு முன், ஒழுங்கை முடிவு வரைக்கும் போய் வந்தால் போதும். நொண்டின மாடென்றால் அந்த யோசனையே வேண்டாம்.