தற்கொலை செய்துகொண்டவருக்குக் கோயில் மணி அடிக்கலாமா?

அந்த அம்மா பையிலிருந்து ஒரு வேதாகமத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். இறந்துபோன மகனுடையது. 1 கொரிந்தியர் 3-ஆம் அதிகாரம், 17-ஆம் வசனத்தின் கீழே சிவப்பு மையில் கோடு. கோடு போட்டது மகன் இல்லை, துக்கம் கேட்க வந்த ஒரு சொந்தக்காரர். "ஒருவன் தேவனுடைய ஆலயத்தைக் கெடுத்தால், அவனைத் தேவன் கெடுப்பார்."

"இப்படிப் போட்டிருக்கே மேடம், அப்போ என் பிள்ளை எங்க இருக்கான்?"

பாளையங்கோட்டையில் பல வருடங்களாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வந்தவர்களில் அவர் முதலாமவர் இல்லை. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மகனின் உடலைச் சபைக் கோயிலுக்குள் கொண்டுபோக விடவில்லை. சாவுக்கு அடிக்கும் மணியும் அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் தாத்தா பாட்டிக்குப் பக்கத்தில் இடம் இருந்தும், மதிலோரமாக ஒரு குழி. சபைப் போதகரான ஐயர் வந்து ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுப் போய்விட்டார். மகன் இறந்த துக்கத்தைவிட அந்த மதிலோரம்தான் அவரைத் தூங்கவிடவில்லை.

நானும் அதே மரபில் வளர்ந்தவள். அதனால் வசனத்தை ஒதுக்கிவிட்டுப் பேச எனக்கு வராது. இருவரும் சேர்ந்து அந்த அதிகாரத்தை முதல் வரியிலிருந்து வாசித்தோம். கொரிந்து சபைக்கு அதை எழுதிய பவுல் அங்கே தற்கொலையைப் பற்றிப் பேசவே இல்லை. "நான் பவுலைச் சேர்ந்தவன்", "நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று சபையைக் கூறுபோடுகிறவர்களைக் கண்டிக்கிறார். வசனம் "நீங்களே அந்த ஆலயம்" என்று முடிகிறது. நம் பேச்சில் "நீங்கள்" ஒருவரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாகவும் வரும், அதில்தான் நாம் ஏமாந்துபோகிறோம். வேதாகமத் தமிழ் ஒருவரை "நீ" அல்லது "நீர்" என்றுதான் அழைக்கும். இங்கே "நீங்கள்" என்றால் கொரிந்து சபை முழுவதும். சபையை உடைக்கிறவனுக்கு எழுதிய எச்சரிக்கையை, உடைந்துபோன ஒரு பையனின் தலையில் வைத்துவிட்டார்கள்.

சரி, வேதாகமத்தில் தன்னை மாய்த்துக்கொண்டவர்களே இல்லையா? இருக்கிறார்கள். தாவீது ராஜாவின் ஆலோசகனாயிருந்த அகித்தோப்பேலை எடுத்துக்கொள்ளுங்கள். 2 சாமுவேல் 17:23 அவனுடைய சாவைச் சொன்ன கையோடு, அவன் தன் தகப்பன் கல்லறையில் அடக்கம்பண்ணப்பட்டான் என்கிறது. தன்னை மாய்த்துக்கொண்ட சவுல் ராஜாவின் எலும்புகளை யாபேஸ் ஊரார் எடுத்து அடக்கம் செய்து, ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். தற்கொலை செய்தவனுக்கு அடக்கத்தை மறுக்கச் சொல்லும் வசனம் ஒன்றுகூடக் கிடையாது.

அப்புறம் மதிலோரம் எங்கிருந்து வந்தது? "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளை தன்னைக் கொல்வதையும் தடுக்கிறது என்று திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் 5-ஆம் நூற்றாண்டில் எழுதினார். அது நியாயமான வாசிப்பு. உயிர் தேவன் தந்தது என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் பின்னால் வந்தவர்கள் அதன்மேல் தண்டனையை ஏற்றினார்கள். ஆங்கிலிக்கன் திருச்சபையின் 1662 ஜெப புத்தகம், ஞானஸ்நானம் பெறாதவர்களோடும் சபைநீக்கம் செய்யப்பட்டவர்களோடும் சேர்த்து, தன்னை மாய்த்துக்கொண்டவர்களுக்கும் அடக்க ஆராதனை கிடையாது என்றது. மிஷனரிகள் வழியாக அந்தப் புத்தகம் நம் ஊருக்கும் வந்தது. இங்கிலாந்திலேயே 2017-இல் அந்தத் தடையை நீக்க வாக்களித்துவிட்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1983-இல் கொண்டுவந்த சட்டத்தொகுப்பில் தற்கொலை செய்தவருக்கு அடக்கத் திருச்சடங்கை மறுக்கும் விதி இல்லை. கடுமையான மனநோயும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், அவருடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று 1992-இல் வந்த மறைக்கல்வி நூல் சொல்கிறது.

ஐயர்மார் என்னிடம் கேட்பதுண்டு: "இந்தப் பயத்தையும் எடுத்துவிட்டால் இன்னும் நாலு பேர் செய்துகொள்ள மாட்டார்களா?" அவர்களுடைய கவலை உண்மையானது. நரக பயம்தான் அன்றைக்குத் தடுத்தது என்று சொன்னவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே பயத்தால் வாயே திறக்காமல் இருந்தவர்களை அதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த மகனும் அப்படித்தான். பல மாதங்களாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஒருமுறை அத்தையிடம் லேசாகச் சொல்லியிருக்கிறான். "விசுவாசம் இருந்தா மனசு சோர்ந்து போகுமா?" என்று பதில் வந்திருக்கிறது. அதோடு நிறுத்திக்கொண்டான். மனச்சோர்வு நோய்க்கு மருந்து இருக்கிறது, சிகிச்சை இருக்கிறது. அதைக் கேட்கும் வாயை அந்த ஒரு வாக்கியம் அடைத்துவிட்டது.

எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றான். எவ்வளவு பெரிய தீர்க்கதரிசி! வந்த தூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்று தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு அவன் மறுபடியும் படுத்துக்கொண்டான், தூதனும் தூங்க விட்டான். வீட்டில் யாராவது "வாழப் பிடிக்கல" என்று சொன்னால் முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். பிரசங்கம் வேண்டாம். பக்கத்தில் இருங்கள். சாகணும் போல இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தனியே விடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஜெபமும் செய்யலாம், மருந்தும் சாப்பிடலாம்.

அந்த அம்மா மூன்றாவது முறை வந்தபோது வேதாகமத்தைத் திறந்து காட்டினார். சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் அவரே எழுதியிருந்தார்: "2 சாமு 17:23. தகப்பன் கல்லறையில்." ஐயரிடம் இதைக் காட்டி, கல்லறைத் திருநாளில் மகன் பெயரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கப்போவதாகச் சொன்னார். கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், கணவரோடு போய்க்கொள்கிறேன் என்றார்.

இதை வாசிக்கும்போது உங்களுக்கே அப்படி ஓர் எண்ணம் இருந்தால், 104 அல்லது 14416 எண்ணுக்கு அழையுங்கள். தமிழில் பேசலாம், நடுராத்திரியிலும் அழைக்கலாம்.