ஜரிகைக்குள் என்ன இருக்கிறது?

"பழைய பட்டுப்புடவை வாங்குறது!" என்று கூவிக்கொண்டு தெருவில் வருபவர் புடவையின் பட்டைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. கரையையும் முந்தானையையும் விரித்து ஜரிகையைத்தான் தடவிப் பார்ப்பார். மடிப்பு மடிப்பாக நைந்துபோன புடவைக்கும் அவர் விலை சொல்வது அதிலுள்ள வெள்ளிக்காக. எரித்தால் பட்டு சாம்பலாகிவிடும். மிஞ்சும் உலோகத்தை உருக்கி வெள்ளியைப் பிரித்துவிடலாம்.

பெயர் என்னவோ தங்கத்தைத்தான் சொல்கிறது. பாரசீகத்தில் ‘ஜர்’ என்றால் தங்கம். அதிலிருந்து ஜரி, தமிழில் ஜரிகை, சரிகை. ஜர்தோசி வேலைப்பாட்டில் இருப்பதும் அதே ஜர்தான். ‘தோசி’ என்பது தையல். பாரசீகமும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக்குடும்பம் என்பதால் இந்தச் சொல்லுக்கு நமக்குப் பழக்கமான உறவு ஒன்று உண்டு: ஹிரண்யம். அதற்கும் பொன் என்றே பொருள். பிரகலாதனின் அப்பா இரணியனின் பெயர் அதிலிருந்து வந்தது. கல்யாணப் புடவையின் ஜரிகைக்கும் நரசிம்மர் கிழித்த அசுரனுக்கும் ஒரே வேரிலிருந்து பெயர் வந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்புதான்.

சரி, உள்ளே தங்கம் எவ்வளவு? அசல் ஜரிகையிலேயே நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. மீதியெல்லாம் வெள்ளி, செம்பு, பட்டு. இதை ஏமாற்று வேலை என்று நினைத்துவிடக் கூடாது. ஜரிகையின் நுட்பமே அதில்தான் இருக்கிறது.

முதலில் வெள்ளிக் கம்பியை ஒன்றைவிட ஒன்று சிறிதான துளைகள் வழியாக இழுத்து, முடியைப் போல மெல்லியதாக்குகிறார்கள். வெள்ளியின் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும். அதனால் கம்பி அறுந்துபோகாமல் நீண்டுகொண்டே போகும். இழுக்க இழுக்க விறைக்கும். சூடுகாட்டினால் மறுபடி இளகும். அந்தக் காலத்தில் இழுப்பதற்கு முன்பே வெள்ளிக் கோலின் மேல் தங்கத் தகடு சுற்றிவிடுவார்கள். வெள்ளி எத்தனை மடங்கு நீள்கிறதோ, தங்கமும் கூடவே நீண்டு, விடாமல் போர்த்திக்கொண்டே வரும். இப்போது பெரும்பாலும் கடைசியில் மின்முலாம் பூசுகிறார்கள்.

அப்புறம் கம்பியை உருளைகளுக்கு இடையில் விட்டு நாடாபோலத் தட்டையாக்க வேண்டும். இது மிக முக்கியமான கட்டம். ஒரு தகட்டின் தடிமன் பாதியானால், அதை வளைக்க வேண்டிய விசை எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் உலோகம் சுற்றிய இழை கொசுவத்தில் துணியைப் போலவே மடங்குகிறது. தட்டையான பரப்பு குட்டிக் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பியும் அனுப்பும். இந்த நாடாவைப் பட்டிழையின் மேல் நெருக்கமாகச் சுற்றினால் ஜரிகை. தறியில் விழும் இழுவையைத் தாங்குவது உள்ளிருக்கும் பட்டு, உலோகம் மேல்போர்வைதான்.

அந்தப் பட்டுக்குப் பெரும்பாலும் சிவப்போ மஞ்சளோ ஏற்றியிருப்பார்கள். சுற்றுகளின் இடைவெளியில் அந்த நிறம் கசிந்து பொன்னுக்குச் சூடு சேர்க்கும். ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்பு தெரிகிறதா என்று பெரியவர்கள் பார்ப்பது இதனால்தான். ஆனால் போலி ஜரிகையின் நூலுக்கும் சிவப்புச் சாயம் ஏற்றலாமே. எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி உலோகங்களின் அளவைச் சொல்லும் கருவிதான் நம்பகமானது. ‘டெஸ்டட் ஜரி’ என்று கடையில் சொன்னால் சோதித்த அசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வெள்ளிப் பூச்சுள்ள செம்பு ஜரிகை.

அசல் ஜரிகையும் கறுக்கும். தங்கப் பூச்சு அவ்வளவு மெல்லியது என்பதால், அது தேய்ந்த இடத்தில் வெள்ளி வெளியே தெரியும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து கருமையான வெள்ளி சல்ஃபைடு ஆகும். கம்பளியிலும் ரப்பரிலும் கந்தகம் உண்டு. அவற்றோடு சேர்த்து வைக்காமல், பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். சென்ட்டைப் புடவை மேல் அடிக்க வேண்டாம். அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றிப்போட்டால், ஒரே கோட்டில் தகடு முறிந்து பட்டு வெளியே தெரிவதும் தள்ளிப்போகும்.