புள்ளிக்கு வலப்பக்கம் ஒரு பெயர்: ஐகேன் கட்டணச் சலுகை யாருக்கு?

சின்னதாக ஓர் அறக்கட்டளை நடத்தும் நண்பர் போனில் கேட்டார்: "புது டொமைனுக்கு எண்பத்தைந்து சதவீதம் மானியமாமே, நம்ம வெப்சைட்டுக்கும் உண்டா?" இல்லை என்றேன். அவர் கேட்டது வீட்டுக்கு ஒரு கதவு எண். அந்த மானியமோ புதிதாக ஒரு ஊரையே உண்டாக்க நினைப்பவருக்கு. இந்தக் குழப்பம் பலருக்கும் இருக்கிறது.

இணைய முகவரியில் கடைசிப் புள்ளிக்கு வலப்பக்கம் வருவது மேல்நிலை டொமைன்: டாட் காம், டாட் ஆர்க், டாட் இன். அதற்கு இடப்பக்கம் ஒரு பெயரைப் பதிவு செய்ய ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் முதல் ஓரிரண்டாயிரம் வரை ஆகும். அதற்கு இந்த மானியம் கிடையாது, தேவையும் இல்லை. வலப்பக்கமே புதிய பெயர் வேண்டும், அதன் கீழ் மற்றவர்களுக்குப் பெயர் கொடுக்கும் பதிவகமாக நாமே இருக்க வேண்டும் என்றால்தான் ஐகேனிடம் போக வேண்டும். ஐகேன் எந்த நாட்டு அரசும் அல்ல. 1998-இல் கலிஃபோர்னியாவில் பதிவான லாப நோக்கற்ற நிறுவனம். உலகம் முழுவதற்குமான டொமைன் பட்டியலைப் பார்த்துக்கொள்வது அதுதான்.

புதிய மேல்நிலைப் பெயர்களுக்கு ஐகேன் விண்ணப்பம் வாங்கும் 2026 சுற்றில் ஒரு பெயருக்குக் கட்டணம் 2,27,000 டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய 2 கோடி ரூபாய். இது பெயரின் விலை அல்ல, விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதற்கான கட்டணம். பெயர் கிடைத்தே தீரும் என்ற உறுதியும் இதில் இல்லை. இந்தத் தொகையைப் பார்த்தே பின்வாங்கிவிடக் கூடியவர்களுக்காக வைத்திருப்பதுதான் விண்ணப்பதாரர் ஆதரவுத் திட்டம். தகுதி பெற்றால் 75 முதல் 85 சதவீதம் வரை கட்டணம் குறையும். அதாவது கட்ட வேண்டியது 34,050 டாலருக்கும் 56,750 டாலருக்கும் இடையில் நிற்கும். மானியம் போக மீதியே 30 லட்சத்துக்குக் குறையாது என்பதைக் கவனியுங்கள்.

யார் கேட்கலாம் என்று விதி வைத்தார்கள்? தனி ஆள் கேட்க முடியாது. ஒருவரே உரிமையாளராக நடத்தும் கடை, தொழில் ஆகியவையும் சேராது. இந்தத் தடை சலுகைக்கு மட்டுமல்ல, முழுக் கட்டணம் கட்டுபவர்களுக்கும் உண்டு. சட்டப்படி பதிவான அமைப்பாக இருக்க வேண்டும். அறக்கட்டளைகள், தொண்டு நிறுவனங்கள், பழங்குடி மக்களின் அமைப்புகள், பல நாட்டு அரசுகள் சேர்ந்து நடத்தும் அமைப்புகள் இந்த வரிசையில் வரும். தொழில் நிறுவனம் என்றால் அது குறு அல்லது சிறு நிறுவனமாக இருக்க வேண்டும். அதோடு, வளர்ச்சி குறைந்த பொருளாதாரம் உள்ள நாட்டைச் சேர்ந்ததாகவோ, பொது நன்மைக்காக இயங்குவதாகவோ இருக்க வேண்டும்.

வகை பொருந்திவிட்டால் அடுத்தது பணக் கேள்வி. சிக்கலும் அங்கேதான். இரண்டை ஒரே நேரத்தில் நிரூபிக்கச் சொல்கிறார்கள். முழுக் கட்டணம் கட்டினால் நம் கை முறிந்துவிடும் என்று காட்ட வேண்டும். மானியம் போக மீதியைக் கட்டவும், அதற்குப் பிறகு தாக்குப்பிடிக்கவும் வழி இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். உதாரணத்துக்கு, மலையில் ஒரு பழங்குடிச் சங்கம் தன் மொழியின் பெயரில் ஒரு டொமைன் கேட்கிறது என்று வையுங்கள். வங்கியில் நிறைய இருந்தால் 'உங்களுக்கு எதற்குச் சலுகை' என்பார்கள். ஒன்றுமே இல்லையென்றால் 'எப்படி நடத்துவீர்கள்' என்பார்கள். ஆடிட்டர் கையெழுத்திட்ட வரவு செலவுக் கணக்கு இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் நின்று பேச வேண்டும். இதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைச் சரியாக எழுதி வைக்கும் வழக்கமே இல்லாத சிறு சங்கங்கள் இந்த இடத்தில்தான் வெளியே போய்விடும். இது போக, நிர்வாகிகளின் பின்னணியையும் சரிபார்ப்பார்கள்.

இரண்டாவது கேள்வி வீண் கேள்வி அல்ல. பதிவகம் நடத்துவது என்றால் என்ன என்பதற்கு ஐகேனுடன் போடும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி போதும். பெயரைத் தட்டினால் சரியான கணினிக்கு வழிகாட்டும் டி.என்.எஸ். சேவை மாதத்தில் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. பதிவான பெயர்களின் முழு நகலை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், அன்றன்றைய மாற்றங்களை மற்ற ஆறு நாளும் வெளியார் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். பதிவகம் நொடித்துப்போனாலும் பெயர் வாங்கியவர்கள் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக இது. இந்த வேலையைப் பெரும்பாலோர் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்திடம் கூலிக்கு விடுகிறார்கள். அதற்குப் பணம் தனி. ஐகேனுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 25,000 டாலர் கட்டுவதும் தனி.

பணமல்லாத உதவியும் உண்டு: பயிற்சி, வழிகாட்டி ஆலோசகர், இலவசமாகச் சட்ட, தொழில்நுட்ப உதவி தர முன்வந்தவர்களின் தொடர்பு. ஒரே பெயருக்குப் பலர் போட்டியிட்டு ஏலம் வரை போனால் அங்கும் ஒரு சலுகை. என் பார்வையில் இந்த ஏலச் சலுகைதான் முக்கியம். ஏன் என்பதற்குப் பழைய கதை இருக்கிறது.

2012 சுற்றில் கட்டணம் 1,85,000 டாலர். சலுகைக்கென்று 20 லட்சம் டாலர் ஒதுக்கி, தகுதி பெற்றவர் 47,000 கட்டினால் போதும் என்றார்கள். மொத்தம் வந்த விண்ணப்பம் 1,930. வட அமெரிக்காவிலிருந்து 911, ஆப்பிரிக்காக் கண்டம் முழுவதிலுமிருந்து 17. சலுகை கேட்டவர்கள் மூன்றே பேர். கிடைத்தது ஒருவருக்கு, டாட் கிட்ஸ் என்ற பெயர் கேட்ட ஹாங்காங் அறக்கட்டளைக்கு. அறிவிப்பு தாமதமாக வந்தது ஒரு காரணம். சலுகைக்குத் தகுதி இல்லை என்று தீர்ப்பானால் முழுக் கட்டணம் கட்டித் தொடரவும் முடியாது, விண்ணப்பமே போய்விடும் என்ற விதி இன்னொரு காரணம். யார் துணிவார்கள்? ஜெயித்த அந்த ஒருவருக்கும் அமேசானும் கூகுளும் போட்டிக்கு வந்தன. டாட் கிட்ஸ் இணையத்தில் சேர்ந்தது 2022-இல்தான்.

இம்முறை அந்த விதியை எடுத்துவிட்டார்கள். சலுகை மனுவுக்குக் கட்டணம் இல்லை. முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கிடைக்காதவர் முழுக் கட்டணத்தோடு போகலாம், அல்லது விட்டுவிடலாம். சலுகை மனுக்களை 2024 நவம்பர் 19 முதல் வாங்கி 2025 முடிவதற்குள் நிறுத்திவிட்டார்கள். டொமைனுக்கான விண்ணப்பக் காலம் 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை. சலுகைக்கு முன்பே மனுப் போடாதவர்களுக்கு இந்தச் சுற்றில் அது கிடையாது. "இப்போதும் வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

தமிழில் பெயர் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. மேல்நிலைப் பெயர்களுக்கு ஐகேன் ஏற்றிருக்கும் எழுத்துகளில் தமிழும் உண்டு. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்திலேயே ஏற்கெனவே இருக்கின்றன. அவை நாட்டுப் பெயர்களுக்கான வேறு வழியில் வந்தவை. இந்த 2 கோடிக் கணக்கு அவற்றுக்குக் கிடையாது. என் நண்பரின் அறக்கட்டளைக்கு டாட் இந்தியாவில் இடப்பக்கம் ஒரு தமிழ்ப் பெயரே போதும். நானே உட்கார்ந்து பதிவு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.