சாக்கெட்: கொழுவிலிருந்து குழிக்கு

விளையாட்டுக்கென்று கணினி சேர்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கணக்குகளைச் செய்யும் செயலியின் (பிராசஸர்) பெயரைச் சொல்வார்கள். எல்லா உறுப்புகளையும் இணைக்கும் மதர்போர்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். விவரம் தெரிந்த கடைக்காரர் சென்னை ரிச்சி தெருவில் இருந்தாலும் கொழும்பு பம்பலப்பிட்டியில் இருந்தாலும் பதிலுக்கு ஒரே கேள்விதான் கேட்பார்: "எந்த சாக்கெட்?" அந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது.

மதர்போர்டின் மேல் செயலி உட்காரும் கட்டத்துக்குத்தான் சாக்கெட் என்று பெயர். செயலிக்கு மின்சாரம் வருவதும், நினைவகத்துக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் தரவு போய்வருவதும் அந்தச் சிறு கட்டத்தின் வழியாகத்தான். (நாளிதழ்கள் கைபேசி 'ஆப்' என்பதையும் செயலி என்றே எழுதுகின்றன. இங்கே செயலி என்றால் பிராசஸர் மட்டுமே. ஒரே சொல்லை இரண்டுக்கும் கொடுத்த புண்ணியவான் யாரோ!)

இச்சொல்லின் பூர்வீகம் ஏர் உழுத நிலம். ஆங்கிலத்தில் 1300ஆம் ஆண்டையொட்டி இது நுழைந்தபோது ஈட்டிமுனையைக் குறித்தது. பழைய பிரெஞ்சில் 'சாக்' என்றால் கலப்பையின் கொழு; அதன் சிறுமை வடிவமே சாக்கெட். கொழுவைப் போன்ற வடிவம் கொண்ட ஈட்டிமுனைக்கு 'சின்னக் கொழு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்கும் முன்னால் போனால் கெல்டிய மொழிகள் வருகின்றன. வேல்ஸ் மொழியில் கொழுவைக் குறிக்கும் சொல்லும் இதே குடும்பம்தான். அதற்கும் அடியில் இருப்பது பன்றியின் மூக்கு என்பது சொல்லாய்வாளர்களின் ஊகம். பன்றி மண்ணைக் கிளறுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊகம் வியப்பாக இருக்காது.

குத்தும் பொருளின் பெயர், குத்துவதை வாங்கிக்கொள்ளும் பொந்துக்கு எப்படிப் போனது? ஈட்டிமுனையின் அடிப்பாகம் கழியைச் செருகுவதற்கேற்ற குழலாக இருக்கும். பெயர் நுனியிலிருந்து அடிக்கு இறங்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 'எதையாவது உள்ளே வாங்கிப் பிடித்துக்கொள்ளும் குழிவு' என்ற பொருள் வந்துவிட்டது. 1600 வாக்கில் கண்குழிக்கும் அதே பெயர். மின்சாரம் வீட்டுக்கு வந்த 1880களில் வீட்டு மின்துளைக்கும் ஒட்டிக்கொண்டது. காலில் மாட்டும் சாக்ஸுக்கும் இதற்கும் உறவில்லை.

இந்த இடமாற்றம் கணினிக்குள் இன்னொரு முறை நடந்திருப்பதுதான் வேடிக்கை. முன்பெல்லாம் ஊசிகள் செயலியின் அடியில் இருந்தன, சாக்கெட்டில் துளைகள் இருந்தன. 2004இல் செயலி தயாரிக்கும் இன்டெல் நிறுவனம் எல்ஜிஏ 775 சாக்கெட்டுடன் ஊசிகளை மதர்போர்டுக்கு மாற்றியது. செயலியின் அடியில் பொன்முலாம் பூசிய தட்டைப் புள்ளிகள் மட்டும் மிஞ்சின. போட்டி நிறுவனமான ஏஎம்டி வழக்கமான மேசைக் கணினிகளில் 2022 வரை ஏஎம்4 போன்ற சாக்கெட்டுகளில் பழைய முறையையே வைத்திருந்துவிட்டு, ஏஎம்5 சாக்கெட் வந்தபோதுதான் மாறியது. குத்துவது எது, வாங்கிக்கொள்வது எது என்பது தலைகீழாகிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

வாங்குகிறவருக்கு இது வெறும் வரலாறு அல்ல. ஏஎம்4 கணினியில் செயலியின் சூட்டைத் தணிக்கும் கூலரை நேராகப் பிடித்து இழுத்தால், இடையில் தடவி உலர்ந்த வெப்பப் பசையோடு ஒட்டிக்கொண்டு செயலியும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். சற்று நேரம் கணினியை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்த பிறகு கூலரை இடமும் வலமும் திருகித்தான் எடுக்க வேண்டும். அப்படியும் ஓர் ஊசி வளைந்தால், குச்சியை எடுத்துவிட்ட லெட் பென்சிலின் (அழுத்தினால் குச்சி நீளும் பென்சில்) வெற்று முனையை அதன்மேல் மாட்டி மெல்ல நிமிர்த்திவிடலாம். ஊசிகள் போர்டில் இருக்கும் எல்ஜிஏ வகையில் அந்தச் சலுகை கிடையாது. மயிரிழை போன்ற ஊசிகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து நிற்கும். விரல் நுனியோ துணியின் நூலோ பட்டால் போதும், மதர்போர்டே போனது. பழைய போர்டு வாங்கும்போது கைபேசி வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மினுமினுப்பு வரிசைகளில் சீராக இருக்க வேண்டும். எங்காவது ஒரு புள்ளி கறுத்துத் தெரிந்தால் அங்கே ஊசி வளைந்திருக்கலாம். வாங்காமல் கடையை விட்டு இறங்கி வந்துவிடுங்கள்.

பெயரோடு ஒட்டியிருக்கும் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்டெலின் எல்ஜிஏ 1700 என்பதில் 1700 தொடுபுள்ளிகளின் எண்ணிக்கை. ஏஎம்டியின் ஏஎம்5 என்பதில் 5 வெறும் வரிசை எண். அதன் தொடுபுள்ளிகள் 1718. 1990களில் நிலைமை இன்னும் எளிது. சாக்கெட் 7 என்ற ஒன்றிலேயே இன்டெலின் பென்டியமும் உட்காரும், ஏஎம்டியின் கே6ம் உட்காரும். 1997இல் பென்டியம் 2க்கு இன்டெல், அட்டையைப் போல் நிமிர்த்திச் செருகும் தனி ஸ்லாட் கொண்டுவந்தது. 1999இல் ஆத்லான் செயலிக்கு ஏஎம்டியும் தன் ஸ்லாட்டைக் கொண்டுவந்தது. பிறகு இருவரும் சாக்கெட்டுக்கே திரும்பினாலும் ஒரே போர்டில் இருவர் செயலியும் அமரும் காலம் திரும்பவில்லை.

சாக்கெட் பெயர் ஒத்துப்போனால் செயலியும் வேலை செய்யும் என்று நம்பிவிடவும் கூடாது. 2017இல் இன்டெலின் 8ஆம் தலைமுறைச் செயலிகள் அதே எல்ஜிஏ 1151 பெயரில் வந்தன. முந்தைய 100, 200 வரிசை போர்டுகளில் அவை ஓடவில்லை. புதிய 300 வரிசை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) வேண்டியிருந்தது. ஏஎம்4இன் கதை நேரெதிர். 2017இல் வாங்கிய போர்டில், அதன் தயாரிப்பாளர் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் போர்டு மென்பொருள்) புதுப்பிப்பு கொடுத்திருந்தால், 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியைப் பொருத்திக்கொள்ள முடிந்தது. விளையாட்டுக்காரர்கள் ஏஎம்4ஐ இன்னமும் பாசத்தோடு பேசுவதற்கு அதுதான் காரணம்.

அதனால்தான் சாக்கெட்டை முதலில் முடிவு செய்யச் சொல்கிறேன். நினைவகமும் அதோடு தீர்மானமாகிவிடும். ஏஎம்4 என்றால் டிடிஆர்4 வகை நினைவகம். ஏஎம்5 என்றாலும் 2024இல் வந்த எல்ஜிஏ 1851 என்றாலும் டிடிஆர்5 மட்டுமே. எல்ஜிஏ 1700இல் இரண்டு நினைவகத்துக்கும் தனித்தனிப் போர்டு உண்டு, பெட்டியில் பார்த்து வாங்க வேண்டும். விளையாட்டே முதன்மை என்றால் என் வாக்கு ஏஎம்5க்குத்தான். எக்ஸ்3டி என்று முடியும் செயலிகளில் கேஷ் நினைவகத்தைச் செயலிச் சில்லோடு அடுக்கிவைத்திருக்கிறார்கள். 7800எக்ஸ்3டியில் மூன்றாம் நிலைக் கேஷ் 96 எம்பி. விளையாட்டுக்குத் திரும்பத் திரும்பத் தேவைப்படும் தரவு அருகிலேயே இருந்துவிடுவதால் அவை முன்னே ஓடுகின்றன. இந்தச் சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. எல்ஜிஏ 1851இன் முதல் செயலிகள் பல விளையாட்டுகளில் இன்டெலின் முந்தைய 14ஆம் தலைமுறையையே தாண்டவில்லை. 13, 14ஆம் தலைமுறையை மலிவாக யாராவது கொடுத்தால், 2024 ஆகஸ்டில் தொடங்கி வெளியான மைக்ரோகோடு (செயலியின் உள்கட்டளைகள்) திருத்தங்கள் அடங்கிய பயாஸை ஏற்றாமல் ஓட்டாதீர்கள். அவற்றில் சில செயலிகள் மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தது ஊரறிந்த விஷயம்.

போர்டில் பணத்தைக் கொட்டுவது எனக்கு ஒப்புதலில்லை. ஒரு எக்ஸ்3டி செயலிக்கு நல்ல பி650 அல்லது பி850 என்ற நடுத்தர சிப்செட் போர்டே தாராளம். இன்டெலில் கே என்று முடியும் செயலியை வேகம் கூட்டி ஓட்டும் எண்ணம் இருந்தால்தான் இசட் வரிசை போர்டு வேண்டும். மீதியைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள். 4கே திரையில் விளையாடுகிறவருக்குப் பெரும்பாலும் அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

இனி தமிழ்ப் பெயர். நமக்குப் பஞ்சமில்லை, ஒற்றுமைதான் இல்லை. கண்ணுக்குக் குழி என்கிறோம். தோள், இடுப்பு மூட்டுகளைப் பள்ளிப் பாடநூல்கள் பந்துக்கிண்ண மூட்டு என்கின்றன. அங்கே சாக்கெட் கிண்ணமாகிவிட்டது. கணினிக்கு இரண்டும் ஒட்டவில்லை, ஏனென்றால் எல்ஜிஏ சாக்கெட் குழியைப் போலவும் இல்லை, கிண்ணத்தைப் போலவும் இல்லை. எனக்கு உவப்பானது 'பொருத்துவாய்'. மடைவாய், பைவாய் என்று எதையாவது உள்ளே விடும் இடத்துக்கு வாய் என்பது நமக்குப் பழகிய வழக்கு. ஊசி எந்தப் பக்கம் இருந்தாலும் இச்சொல்லுக்கு இடைஞ்சல் இல்லை. 'பின்' என்று எழுதுவதை மட்டும் தவிர்க்கலாம். 'செயலி பின் வளைந்தது' என்றால் ஊசி வளைந்ததா, செயலி பிற்பாடு வளைந்ததா என்று படிக்கிறவர் விழிப்பார். ஊசி என்பதே போதும். விலைப்பட்டியலில் மட்டும் சாக்கெட் என்றே தேடுங்கள், பொருத்துவாய் என்று அச்சிட்ட பெட்டி இன்னும் வரவில்லை.