நெல்லின் கண்ணில் படாத பூஞ்சை

பனி இறங்கும் பின்னிரவில் நெல் இலையின் மேல் ஒரு பூஞ்சை வித்து வந்து விழுகிறது. மூன்று அறைகள் கொண்ட அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. ஈரம் பட்டதும் அதன் நுனியிலிருந்து பசை கசிகிறது. டெஃப்லான் பூசிய பரப்பிலும் பிடித்துக்கொள்ளும் பசை அது. மெழுகுப் பூச்சால் தண்ணீரையே உருட்டிவிடும் நெல் இலை அதற்கு ஒரு பொருட்டல்ல.

குலைநோய் இப்படித்தான் தொடங்குகிறது. நோயை உண்டாக்கும் பூஞ்சையின் பெயர் மக்னபோர்தே ஒரைசே. பைரிகுலேரியா என்ற பெயரும் வழக்கில் உண்டு. 1919இல் தஞ்சை டெல்டாவில் இது பரவியதையே இந்தியாவின் முதல் பெரும் குலைநோய்த் தாக்குதலாகக் குறிப்பிடுகிறார்கள். இலையில் வந்தால் நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட கண் வடிவப் புள்ளிகள் தெரியும். கணுவில் வந்தால் தண்டு அங்கே ஒடிந்துவிடும். கதிரின் கழுத்தில் வந்தால்தான் பெரும் நட்டம்: மேலே சத்து ஏறாமல் கதிர் வெளுத்துப் பதராகிவிடும். உழைப்பும் உரமும் முழுவதும் போட்டு முடித்த பிறகு வரும் இழப்பு என்பதால் விவசாயிகள் இதற்கு அஞ்சுகிறார்கள்.

இலைக்குள் நுழையும் விதம்தான் வியப்பானது. பூஞ்சை திறந்த வாசல் எதையும் தேடுவதில்லை. வித்து முளைத்துக் குட்டையான ஒரு குழாயை விடுகிறது. அதன் முனை உப்பி ஒரு குமிழாகிறது. அப்ரெசோரியம் எனப்படும் இந்தக் குமிழின் சுவரில் மெலனின் படிகிறது. நம் தலைமுடிக்குக் கறுப்பு தரும் நிறமிகளும் மெலனின் வகையைச் சேர்ந்தவையே. உள்ளே கிளிசரால் குவிகிறது. மெலனின் அடுக்கு கிளிசராலை வெளியே விடாது, தண்ணீரை மட்டும் உள்ளே விடும். பனி ஈரம் உள்ளே ஏற ஏற, குமிழுக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 80 மடங்கு வரை உயர்கிறது. இது லாரி டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு. அத்தனை விசையும் குமிழின் அடியில் முளைக்கும் ஒரு நுண்ணிய ஆணியின் முனையில் குவிகிறது. இலையின் மேல்தோல் துளைபடுகிறது.

இதைத் தெரிந்துகொண்டால் குலைநோய்க்குத் தெளிக்கும் ட்ரைசைக்ளசோல் மருந்தின் வேலை விளங்கும். அது பூஞ்சையைக் கொல்வதில்லை. மெலனின் உருவாவதை மட்டும் தடுக்கிறது. மெலனின் இல்லாத குமிழில் கிளிசரால் தங்காது, அழுத்தம் ஏறாது, ஆணி இலையின் மேலேயே நின்றுவிடும். ஏற்கெனவே உள்ளே போய்விட்ட பூஞ்சையை இந்த மருந்து பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. வயல் முழுவதும் புள்ளி கண்ட பிறகு தெளித்துவிட்டு, மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பொருளில்லை. 2018 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் இதன் எச்சத்துக்கான வரம்பைக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்தபோது பாஸ்மதி ஏற்றுமதியாளர்கள் திணறியது தனிக் கதை.

உள்ளே நுழைந்த பூஞ்சை உடனே எதையும் அழிப்பதில்லை. செல்லின் சவ்வைக் கிழிக்காமல், அந்தச் சவ்வையே மேலே போர்த்திக்கொண்டு செல்லுக்குள் வளர்கிறது. பிறகு செல்களை இணைக்கும் நுண்ணிய வழிகளில் தன்னை ஒடுக்கிக்கொண்டு அடுத்த செல்லுக்குப் போகிறது. நான்கைந்து நாள்கள் வெளியே ஒன்றுமே தெரியாது. புள்ளி கண்ணில் படும்போது பூஞ்சை அங்கே உண்டு முடித்து, அடுத்த இலைகளுக்கு ஆயிரக்கணக்கில் வித்துகளை அனுப்பத் தொடங்கியிருக்கும்.

இவ்வளவு நேரம் நெல் என்ன செய்துகொண்டிருந்தது? செடிக்கு நம்மைப் போல ரத்தத்தில் சுற்றிவரும் காவல் அணுக்கள் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன் காவலைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பூஞ்சையின் செல் சுவரில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது; நண்டின் ஓட்டிலும் பூச்சியின் தோலிலும் உள்ள அதே பொருள். நெல்லின் உடலில் கைட்டின் கிடையாது. ஆகவே கைட்டின் துணுக்கு ஒன்று தென்பட்டால் அந்நியர் வந்துவிட்டார் என்று பொருள். செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிப் புரதங்கள் அந்தத் துணுக்கைப் பற்றியதும் உள்ளே எச்சரிக்கை பரவுகிறது. செல் சுவர் தடிக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற தீவிரப் பொருள்கள் சுரக்கின்றன. பூஞ்சையின் சுவரைக் கரைக்கும் நொதிகளும், மொமிலாக்டோன், சகுரானெடின் போன்ற நச்சுகளும் தயாராகின்றன.

பூஞ்சைக்கும் இது தெரியும் போலிருக்கிறது. நெல் செல்லுக்குள் வளரும்போது அது ஒரு புரதத்தை வெளியிடுகிறது. சிதறும் கைட்டின் துணுக்குகளை அந்தப் புரதம் முதலிலேயே பொறுக்கிக்கொள்கிறது. நெல்லின் ஏற்பிகளுக்கு எதுவும் கிடைப்பதில்லை. இந்தப் புரதத்தைச் சுரக்க முடியாமல் செய்த பூஞ்சையால் நெல்லை முன்போல நோயாக்க முடியவில்லை என்று சோதனைகள் காட்டின. பெரும்பாலான வயல்களில் குலைநோய் வெல்வது பலத்தால் மட்டுமல்ல, கண்ணில் படாமல் இருப்பதாலும்தான்.

அதனால் நெல்லிடம் இரண்டாவது காவலும் இருக்கிறது. இது செல்லுக்குள்ளேயே, பூஞ்சை அனுப்பும் தனித்தனிப் புரதங்களைத் தேடுகிறது. இதன் அடிப்படை விதியை 1940களில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆளிச்செடியின் துரு நோயை ஆராய்ந்த ஹரால்டு ஃப்ளோர் கண்டறிந்தார்: செடியின் ஓர் எதிர்ப்பு மரபணுவுக்கு ஈடாகப் பூஞ்சையில் ஒரு மரபணு இருக்கிறது; இரண்டும் சந்தித்தால்தான் செடி தப்பிக்கும். தப்பிக்கும் வழி கொடூரமானது. தாக்கப்பட்ட செல் தன்னைத்தானே சாகடித்துக்கொள்கிறது. உயிருள்ள செல்லில் மட்டுமே முதல் சில நாள்களைக் கழிக்கத் தெரிந்த பூஞ்சை அந்தப் பிணத்தோடு முடங்கிவிடுகிறது. எதிர்ப்பு ரகத்தின் இலையில் குண்டூசித் தலை அளவில் தெரியும் பழுப்புப் புள்ளிகள் இப்படி இறந்த செல்கள்தாம்.

இங்கே கோயம்புத்தூருக்கு ஓர் இடம் உண்டு. அங்கே உருவான கோ 39 என்ற ரகம் உலகின் குலைநோய் ஆய்வகங்களில் பெயர் பெற்றது. விளைச்சலால் அல்ல, எளிதில் நோய்வாய்ப்படுவதால்! எதிர்ப்பு மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க, எந்த எதிர்ப்பும் இல்லாததாகத் தோன்றும் ஒரு நெல் தேவைப்பட்டது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் கோ 39ஐத் தேர்ந்தெடுத்து அதில் மரபணுக்களைத் தனித்தனியே புகுத்தியது.

ஆனால் அந்த ரகம் முழுக் குருடு அல்ல. தெற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஒரு புல்லையும் குலைநோய்ப் பூஞ்சை தாக்குகிறது. அந்தப் புல்லில் இருக்கும் பூஞ்சை சுரக்கும் ஒரு புரதத்தைக் கோ 39 துல்லியமாக அடையாளம் காண்கிறது. அதனாலேயே அந்தப் புரதத்துக்கு ஏவிஆர்1-கோ39 என்று பெயர் வைத்தார்கள். நெல்லைத் தாக்கும் பூஞ்சைகளிலோ அந்தப் புரதத்துக்கான மரபணு பெரும்பாலும் காணாமல் போயிருக்கிறது. கோ 39இன் காவலர் விழித்துத்தான் இருக்கிறார். அவருக்குத் தெரிந்த முகத்தோடு எதிரி வருவதில்லை.

காவல் செய்வது ஜோடிப் புரதங்கள். ஒன்று எந்நேரமும் செல்லைக் கொல்லத் தயாராக இருப்பது; மற்றது அதை அடக்கிப் பிடித்திருப்பது. அடக்கும் புரதத்தின் ஒரு முனையில் உலோகங்களைப் பற்றும் புரதக் குடும்பத்தைப் போன்ற ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது. பூஞ்சை வழக்கமாகக் குறிவைப்பது அந்தக் குடும்பத்தைத்தான் என்பதால், இந்தத் துண்டு ஒரு தூண்டில் என்று கருதப்படுகிறது. ஏவிஆர்1-கோ39 வந்து அதில் ஒட்டியதும் அடக்கியவரின் பிடி தளர்கிறது, கொல்பவர் விடுபடுகிறார்.

இப்படிப்பட்ட காவலுக்கு ஒரு பலவீனம் உண்டு. காட்டிக்கொடுக்கும் மரபணுவைப் பூஞ்சை இழந்துவிட்டால் போதும். பிஐ-டா என்ற எதிர்ப்பு மரபணு அடையாளம் காணும் பூஞ்சை மரபணு, குரோமோசோமின் முனைக்கு அருகில் இருக்கிறது. எளிதில் அறுந்துபோகும் இடம் அது. ஒரே மரபணுவை நம்பி ஒரு ரகத்தை ஊரெங்கும் நடுவது சில பருவங்களுக்கு மட்டுமே தாங்குவதற்கு இதுவே காரணம்.

இதன் மறுபக்கத்தைப் பிரேசிலில் பார்க்கலாம். 1985இல் பரானா மாநிலத்தில் கோதுமையில் குலைநோய் முதன்முதலாகத் தோன்றியது. அந்தக் காலத்தில் அங்கே பரவலாக விதைக்கப்பட்ட ரகத்தில், புற்களைத் தாக்கும் பூஞ்சையை அடையாளம் காணும் ஒரு மரபணு இல்லாமல் போயிருந்தது. அந்த ஓட்டை வழியே பூஞ்சை கோதுமைக்குத் தாவி, பின்னர் அந்த மரபணு உள்ள கோதுமை ரகங்களையும் தாக்கப் பழகிக்கொண்டது என்பது 2017இல் வெளியான ஆய்வின் முடிவு. 2016இல் அது வங்கதேசத்துக்கும் வந்து ஏறத்தாழ 15,000 ஹெக்டேரைத் தாக்கியது.

நெல்லில் வேறொரு வழி ஜப்பானில் கிடைத்தது. அங்கே மேட்டுநில நெல் ரகம் ஒன்று நெடுங்காலமாகக் குலைநோயைத் தாங்கி வந்தது. அதில் இருந்தது புதிய காவல் அல்ல. பிஐ21 என்ற ஒரு மரபணு அதில் பழுதாகியிருந்தது. அந்த மரபணு தரும் புரதமும் உலோகம் பற்றும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அது நன்றாக இருந்தால் நெல்லின் தற்காப்பு மந்தமாகிறது. பழுதானால் செல்கள் தற்கொலை செய்யாமலேயே பூஞ்சை மெல்ல மெல்ல ஒடுங்குகிறது. இதை நல்ல அரிசி ரகங்களுக்குக் கொண்டுவர முயன்றபோதெல்லாம் சோற்றின் சுவை கெட்டது. பழுதான பிஐ21க்கு மிக அருகே சுவையைக் கெடுக்கும் இன்னொரு மரபணு ஒட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். 2009இல் வெளியான ஆய்வில் ஜப்பானிய அறிவியலாளர்கள் அந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். அதன் பிறகே, நோயைத் தாங்கும் செடியில் வாய்க்கு ருசியான அரிசியும் விளைந்தது.