பிரசவ பில்லை யார் கட்டப் போகிறார்கள்?

திருச்சியில் ஒரு தனியார் மகப்பேறு மருத்துவமனையின் இன்சூரன்ஸ் மேசையில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் குழந்தை என்றால் டிஸ்சார்ஜ் அன்று என் எதிரே வந்து நிற்பவர் பெரும்பாலும் குழந்தையின் அப்பா இல்லை, பெண்ணைப் பெற்றவர். தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு என்பது நம் பக்கத்து வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்புக்கே மண்டபம், புடவை, காப்பு என்று ஒரு தொகை போயிருக்கும், அந்தக் கடன் ஆறுவதற்குள் பில் வந்து நிற்கும்.

போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர். நார்மல் பேக்கேஜ் 45,000 என்று விசாரித்து வைத்து, சீட்டு எடுத்து அந்தப் பணத்தோடு வந்திருந்தார். வலி வந்து பதினாறு மணி நேரம் ஆகியும் குழந்தை இறங்கவில்லை, சிசேரியன் ஆனது, குழந்தைக்கு மூச்சுத் திணறல் என்று மூன்று நாள் இன்குபேட்டர். மொத்தம் 1,58,000. அவர் ஒன்றும் பேசாமல் மேலே வார்டுக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, வளைகாப்புக்குப் போட்ட தங்க வளையலை மகள் கையிலிருந்து சோப்புப் போட்டுக் கழற்றினார்கள் என்று நர்ஸ் வந்து சொன்னார். கை வீங்கியிருந்ததாம்.

அப்போதுதான் கேட்டேன், "ஐயா, மாப்பிள்ளை எங்கே வேலை பார்க்கிறார்?" ஓசூரில் ஒரு கம்பெனி. கம்பெனியே ஊழியர்களுக்கு எடுத்த குரூப் இன்சூரன்ஸ் பாலிசி இருக்கிறது, மனைவி பெயரும் அதில் இருக்கிறது. "அவருகிட்ட எப்படித் தம்பி கேக்கறது, இது நம்ம செலவாச்சே" என்றார். நானே போன் போட்டுப் பேசினேன். பிறகு கிளெய்ம் போட்டதில் அம்மாவின் பில்லுக்கு 75,000 வந்தது. குழந்தையின் பில்லுக்கு ஒரு பைசா வரவில்லை, பிறந்த நாளிலிருந்தே குழந்தைக்குக் கவரேஜ் என்ற பிரிவை அந்தக் கம்பெனி எடுத்திருக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், ஐந்தாம் மாதத்திலேயே புருஷன் பெண்டாட்டி இருவரும் உட்கார்ந்து, பணம் எங்கிருந்து வரப்போகிறது என்று எழுதிவிடுங்கள். பெண் வீட்டார் செய்ய ஆசைப்பட்டால் காப்பு கொலுசு போடட்டும். ஆஸ்பத்திரி செலவு உங்களுடையது, அது உங்கள் குழந்தை.

எவ்வளவு எழுதுவது? நார்மல் கணக்குப் போடாதீர்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். ஆகவே சிசேரியன் கட்டணத்தை முழுதாக எழுதி, அதன் மேல் குழந்தைக்கு மூன்று நாள் தனிப் பராமரிப்பு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பேக்கேஜ் என்பது பெரும்பாலும் அம்மாவுக்கு மட்டும்தான், குழந்தையை அட்மிட் செய்தால் அதற்குத் தனி ஃபைல், தனி பில். மஞ்சள் காமாலைக்கு விளக்கு வெளிச்சத்தில் வைப்பது கூட அந்தப் பில்லில்தான் ஏறும். தேவைப்படாவிட்டால் மிச்சம்.

கர்ப்பம் உறுதியான பிறகு பாலிசி எடுக்கலாமா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். இந்தப் பிரசவத்துக்கு அது உதவாது. தனிநபர் பாலிசிகளில் மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வருடம், சிலவற்றில் ஒன்பது மாதம். கல்யாணம் ஆன உடனே எடுத்திருந்தால்தான் உண்டு. கையில் இருப்பது அலுவலக பாலிசி என்றால் ஹெச்.ஆருக்கு மெயில் போட்டு, போனில் வேண்டாம், எழுத்தில் பதில் வாங்குங்கள்: சிசேரியனுக்கு உச்சவரம்பு எவ்வளவு, குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே கவரேஜ் உண்டா, பிறந்து எத்தனை நாளுக்குள் பெயர் சேர்க்க வேண்டும், அறை வாடகைக்கு வரம்பு என்ன. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வரம்பை மீறிய அறை எடுத்தால் பல பாலிசிகளில் வாடகை வித்தியாசத்தோடு விடமாட்டார்கள், டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்கள்.

இன்னொன்று, எனக்கு ரொம்ப வருத்தம் தருவது. "உடம்பு முடியலை, வேலையை விட்டுடு" என்று வீட்டில் சொல்ல, ஏழாம் மாதம் ராஜினாமா செய்துவிட்டு வருகிற பெண்கள். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க வேண்டும் என்பது சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, கம்பெனிகளுக்கும் பொருந்தும். மாதம் 25,000 வாங்குகிறவருக்கு அது ஒன்றரை லட்சம். விடுப்பு போடாமல் ராஜினாமா செய்தால் அந்தப் பணமும் போய், அந்த அலுவலக பாலிசியும் அன்றோடு முடிந்துவிடும். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிற வேலை என்றால் அங்கேயும் 26 வாரச் சம்பளம் உண்டு, கிளையில் போய்க் கேளுங்கள்.

தனியாரில் வேலை பார்த்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்: கடன் வாங்கித்தான் எங்களிடம் வர வேண்டும் என்றால் வராதீர்கள். அரசு மருத்துவமனையில் சிசேரியன், மருந்து, ரத்தம், பச்சிளங்குழந்தைப் பிரிவு எல்லாம் இலவசம், எங்களால் முடியாத குழந்தைகளை நாங்களே மெடிக்கல் காலேஜுக்குத்தான் அனுப்புகிறோம். 12 வாரத்துக்குள் பதிவு செய்து அரசு மருத்துவமனையில் பெற்றுக்கொள்ளும் தகுதியுள்ள ஏழைத் தாய்மார்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தவணைகளாக 14,000 ரூபாய் பணமும் 4,000 ரூபாய் மதிப்பில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் கிடைக்கும்.

அப்புறம் தடுப்பூசி. தனியாரில் ஒவ்வொரு முறையும் சில ஆயிரம். 6, 10, 14 வாரத்தில் போடும் பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), ரோட்டா சொட்டு மருந்து, 6, 14 வாரத்தில் போடும் நிமோனியா தடுப்பூசி எல்லாமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை இலவசமாகப் போடுகிறார்கள். என் இரண்டு பிள்ளைகளுக்கும் அங்கேதான் போட்டேன்.

எங்கே பெற்றாலும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கி வையுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள், பிறந்து 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்தால் கட்டணம் கிடையாது.